குயவனுக்கும் மண்ணுக்கும் நடுவே

சைவ சித்தாந்த வகுப்பில் சேருகிறவர்களுக்கு முதலில் அறிமுகமாவது ஒரு குடம். அது உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பார் ஆசிரியர். மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகம் உண்டானதும் இப்படியே: மண்ணின் இடத்தில் மாயை, சக்கரத்தின் இடத்தில் இறைவனின் சத்தி, குயவனின் இடத்தில் இறைவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் சொல்லிவைத்த சிவஞானபோதத்துக்குள் போகிறவர்கள் எல்லோரும் இந்தக் குடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பாடம் முடிந்ததும் கேள்விகள் கிளம்பும். குயவனைப் பற்றிக் கேட்பார்கள்: குடம் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது? மண்ணைப் பற்றிக் கேட்பார்கள்: அது என்றும் உள்ளதா, இடையில் வந்ததா? சக்கரத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாய் விரித்து உட்காருகிற அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் உண்டு, பள்ளி ஆசிரியைகள் உண்டு, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் உண்டு. ஃபிட்டர் நான் ஒருவன்தான். கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரம் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். குயவனையும் மண்ணையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கண் சக்கரத்தின் மேல்தான் போகும்.

"ஐயா, சுத்தாத நேரத்துல அது சக்கரமுங்களா, வெறும் மரமுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "அது உங்க தொழிலாச்சே, நீங்கதான் சொல்லணும்" என்றார். தட்டிக்கழிக்கச் சொன்னாரோ, உண்மையாகவே கேட்டாரோ, நான் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டேன்.

பாடத்தை எழுதிப் பார்க்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது. உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. மூடிய மில்கள், பாகம் பிரித்த பட்டறைகள், இறந்துபோன மேஸ்திரிகளின் வீடுகள் என எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாகச் சாமான் அங்கே வரும். எடைக்குப் போகவேண்டியது எது, தனியாக எடுத்துவைக்க வேண்டியது எது என்று பிரிக்கும்போது கடைக்காரப் பாய் என்னைக் கூப்பிடுவார். "மேஸ்திரி, இது என்னன்னு மட்டும் சொல்லுங்க. விலை நான் சொல்லிக்கிறேன்" என்பார். எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம் அவ்வளவுதான். அவர் கேட்கிற அந்த 'இது என்ன' என்ற கேள்விக்குள் என் கேள்வியும் அடங்கியிருப்பதை மெல்லத்தான் கண்டுகொண்டேன்.

ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொள்வோம். பழைய லங்காஷயர் இயந்திரங்களோடு நம் ஊருக்கு வந்த வகை. ஓல்டம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் போன்றவர்கள் செய்த நூற்பு இயந்திரங்களில் எல்லாம் விட்வொர்த் மரைதான். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அளவு முறை அது. மரையின் கோணம் 55 டிகிரி. நாம் இன்று பயன்படுத்தும் மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. மரை கேஜை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் தெரிகிற ஒளிக்கீற்றே எந்தக் குலம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஸ்பேனரில் '1/2 டபிள்யூ' என்று பொறித்திருக்கும். புதுப் பையன்கள் வெர்னியரை எடுத்து வாயை அளப்பார்கள். அரை அங்குலம் வராது, 0.92 அங்குலம் வரும், அதாவது 23.4 மில்லிமீட்டர். "தப்பா அடிச்சிருக்காங்கண்ணா" என்பார்கள். அது தப்பே இல்லை. அரை அங்குலம் என்பது அந்த ஸ்பேனர் திருகப்போகிற போல்ட்டின் தண்டு விட்டம். அதே ஸ்பேனரில் பல சமயம் '9/16 பி.எஸ்.' என்று இன்னொரு குறியும் இருக்கும். பொடி மரை போட்ட போல்ட்டுக்குத் தலை ஒரு படி சிறியது. ஆகவே இந்த வாய் அங்கே 9/16 அங்குலப் போல்ட்டைப் பிடிக்கும். வாய் ஒன்று, பெயர் இரண்டு, இரண்டும் அதன் சொந்த அளவில்லை.

மெட்ரிக் ஸ்பேனர் அப்படியில்லை. 24 என்று போட்டிருந்தால் அதன் வாய் 24 மில்லிமீட்டர். அது தன்னைப் பற்றிச் சொல்கிறது. பழைய விட்வொர்த் ஸ்பேனர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தான் யாருக்கு உதவ வந்ததோ அவரைப் பற்றித்தான் சொல்கிறது. வழக்கத்தில் எது வசதி என்று கேட்டால் மெட்ரிக் முறைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் துணைக்காரணம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இரும்பில் அடித்து வைத்த விளக்கமாக இந்த ஸ்பேனரைத்தான் எடுத்து நீட்டுவேன். ஒரு துணையின் அளவு அதனிடத்தில் கிடைக்காது. துணை பெறுகிறதன் பக்கம் போய்த்தான் எடுத்துவர வேண்டும்.

பாயின் கடையில் அடுத்த சோதனை ஆயில் கேன்களில். எண்ணெய் விடுகிற டப்பாதானே என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். தையல் மெஷினுக்கு விடுகிற கேன் உள்ளங்கையில் அடங்கும்; அடித்தட்டு லேசாகக் குவிந்திருக்கும், கட்டைவிரலால் அமுக்கினால் 'டக்' என்று உள்வாங்கிச் சொட்டு விழும். நீராவி ரயில் எஞ்சின் ஓட்டுநர் கையில் இருந்த கேனுக்கு மூக்கு முழங்கை நீளம். எஞ்சின் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே கையை விடாமல் மூக்கை மட்டும் விட்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். லீட்ஸ் நகரத்தில் ஜோசப் கே கம்பெனி செய்த கேன்களில் கைப்பிடிப் பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஓர் அமுக்கி இருக்கும். அதை அழுத்தினால்தான் உள்ளே வால்வு திறக்கும், விட்டால் அடைத்துக்கொள்ளும். கேனைத் தலைகீழாகச் சாய்த்தாலும் எண்ணெய் வீணாகாது.

ஒரு கேன் எந்த வேலைக்கானது என்று கண்டுபிடிக்க நான் முதலில் பெயர்த் தகட்டைத் தேடுவதில்லை. மூக்கின் நீளத்தைப் பார்ப்பேன்: கைக்கும் எண்ணெய் கேட்கிற இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருந்தது என்று அது சொல்லும். வாயின் துளையைப் பார்ப்பேன்: கெட்டி எண்ணெயா, நீர்த்த ஸ்பிண்டில் எண்ணெயா என்று தெரியும். அடிப்பாகம் அகலமாக இருந்தால் அதிர்கிற மேடையில் வைத்தது. பெயின்ட் எங்கே தேய்ந்து பித்தளை தெரிகிறது என்று பார்த்தால் பிடித்த கை வலதா இடதா என்பதுகூடத் தெரிந்துவிடும். அதனால்தான் பாயிடம், நான் பார்க்கும்வரை எதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். துருவைப் பிறகு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்துக்கொள்ளலாம். தேய்மானத்தைத் தேய்த்துவிட்டால் அந்தக் கை போய்விடும்.

இப்படிப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். கேனைப் பற்றி நான் கண்டுபிடித்த எதுவும் கேனைப் பற்றியது மட்டும் இல்லை. பாதி ஒரு கையைப் பற்றியது, பாதி ஒரு பேரிங்கைப் பற்றியது. இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது தகரம், எடைக்குப் போகும்.

ஒருமுறை மளிகைக் கடையில் எண்ணெய் அளக்கிற லிட்டர் அளவை ஒன்று வந்தது. 1956ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக்குக்கு மாறி, படியும் உழக்கும் கடைகளிலிருந்து ஒதுங்கியபோது அவற்றின் இடத்துக்கு வந்த வகை. அதன் ஈயப் பொட்டில் ஆய்வாளரின் முத்திரை மழுங்கிக் கிடந்தது. காலாகாலத்தில் மறுமுத்திரை வாங்காத அளவையைக் கடைக்காரர் விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது. நேற்றும் அதில் ஒரு லிட்டர் பிடித்தது, இன்றும் ஒரு லிட்டர் பிடிக்கும். ஆனாலும் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே நிற்கும் தகுதியை அது இழந்துவிட்டது. பொருள் அப்படியே இருக்க, துணையாக இருக்கும் நிலை மட்டும் தனியே கழன்று போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அடுத்த படி. பழைய கருவியை வேறொன்றாக மாற்றுவது. தேய்ந்துபோன அரத்தை எந்த ஃபிட்டரும் தூக்கி எறியமாட்டான். முப்பட்டை அரத்தைச் சாணையில் பிடித்துப் பல்லை எல்லாம் எடுத்துவிட்டு மூன்று முனையையும் தீட்டினால் பேரிங் சீவுகிற ஸ்கிரேப்பர். தட்டை அரத்தைக் கத்தியாக்குவார்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் அரிவாளாக அடிப்பார். இதெல்லாம் புத்தகம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. பட்டறையில் பரம்பரையாக வருவது.

இங்கே சித்தாந்தப் பாடம் ஒன்று குறுக்கே வரும். சற்காரியவாதம் என்பார்கள். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. குடம் மண்ணுக்குள் நுண்ணிய வடிவில் ஏற்கெனவே இருக்கிறது, குயவன் அதை வெளிப்படுத்துகிறான் என்பது கொள்கை. நியாய வைசேஷிகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். குடம் மண்ணில் இருந்ததென்றால் மண்ணிலேயே தண்ணீர் மொள்ளலாமே, குயவன் எதற்கு என்று மடக்குவார்கள். உறுப்புகள் கூடியபின் முன்பு இல்லாத முழுமை ஒன்று புதிதாகப் பிறக்கிறது என்பது அவர்கள் கட்சி.

அப்படியானால் அரத்துக்குள் கத்தி இருந்ததா? சாணைக்கல்லிடம் கேட்கலாம். எஃகைக் கல்லில் தொட்டால் பறக்கிற பொறியே அதன் சாதகம். சாதா மைல்ட் ஸ்டீல் என்றால் பொறி நீளநீளக் கோடாகப் பறக்கும், வெடிப்பது குறைவு. வார்ப்பிரும்பு என்றால் செம்மங்கலாகக் கல்லுக்குப் பக்கத்திலேயே அணையும். அரத்தைத் தொட்டால் பொறி கிளை கிளையாக வெடித்து மத்தாப்பு மாதிரி பூக்கும்; அதில் 1 விழுக்காட்டுக்கு மேல் கரி இருப்பதன் அடையாளம் அது. அந்தக் கரிதான் பிறகு கூராக நிற்கப்போகிறது. மைல்ட் ஸ்டீல் பட்டையை எத்தனை நாள் தீட்டினாலும் அந்தக் கூர் வராது, ஏனென்றால் அதற்குள் அது இல்லை. அந்த மட்டில் மெய்கண்டார் பக்கம் நிற்பதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. உள்ளே இருப்பதைத்தான் வெளியே எடுக்க முடியும்.

இருப்பதைத் தொலைத்துவிடவும் முடியும். அவசரக்காரன் அரத்தைச் சாணையில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாயும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தியிருந்தால் கெட்டி நிற்கும். நீலம் வந்துவிட்டால் டெம்பர் இறங்கிவிட்டது என்று பொருள். கத்தி வடிவம் இருக்கும், வெட்டாது. மாற்றுகிறவன் வடிவத்தை மட்டும் பார்த்து உள்ளிருப்பை மறந்தால் நேர்வது அதுதான். அடையாளம் காண்பது முதலில், மாற்றுவது பிறகு என்று பட்டறையில் சொல்வதற்குக் காரணம் ஆசாரமோ பழைமைப் பற்றோ கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவன் எதை வெளிப்படுத்துவான்?

ஆனால் நியாயக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் மணியாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. துளையிட்டுக் கம்பியில் மாட்டி, இரும்புத் தடியால் அடித்தால் அடுத்த தெரு வரை கேட்கும். அந்த நாதம் எஃகுக்குள் இருந்ததுதான், சம்மதம். ஆனால் பிள்ளைகளை வகுப்புக்கு அழைக்கிற வேலை தண்டவாளத்துக்குள் எங்கே இருந்தது? பள்ளிக்கூடம் ஒன்று அங்கே வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், நேரம் சொல்ல ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவை வெளியிலிருந்து வந்தது. ஆகவே நான் எனக்குள் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: திறம் பொருளுக்குள் இருக்கிறது, துணைமை தேவையிலிருந்து பிறக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் ஒரு கருவி உண்டாகிறது. பழைய கருவி புதுக் கருவியாவதும் அந்தச் சந்திப்பில்தான்.

இந்த அளவுக்கு யோசித்து நிம்மதியாக இருந்தபோது என் அக்கா மகன் வந்து சேர்ந்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கத்தில் காபிக் கடை திறக்கிறான். சுவர் முழுக்கப் பழைய பட்டறைச் சாமான் தொங்கவேண்டுமாம். "மாமா, பாய் கடையில சொல்லி ஒரு லோடு எடுத்துக் குடுங்க. ஆயில் கேனை எல்லாம் லைட்டாக்கிடலாம், ஸ்பேனரை வளைச்சுக் கோட்டு மாட்டுற கொக்கி பண்ணிக்கலாம்" என்றான். படங்களும் காட்டினான். வெளிநாட்டில் யாரோ ஒருவர் ரயில்வே கேனின் வயிற்றில் துளை போட்டு ஒயர் விட்டிருந்தார்.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் விளக்காவதில் குற்றம் என்ன? இருட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே நிற்பதும் துணைதானே. என் மனத்தாங்கல் விளக்கின் மேல் இல்லை, துளையின் மேல். மூக்கின் வழியாகவே ஒயர் விடலாம். அப்படிச் செய்தால் நாளைக்கு ஒருவருக்கு எண்ணெய் கேனாகவே வேண்டுமென்றால் ஒயரை உருவிவிட்டுக் கொடுக்கலாம். வயிற்றில் துளைத்துவிட்டால் திரும்ப வழியில்லை. ஸ்பேனரைக் காய்ச்சி வளைத்தால் அதன் டெம்பர் போய்விடும், திரும்ப நிமிர்த்தினாலும் அது போல்ட்டைப் பிடிக்காது. உலகத்துக்குத் தோற்றமும் நிலையும் மட்டும் போதாது, ஒடுக்கமும் வேண்டும் என்று சித்தாந்தம் சொல்கிறது. ஒடுங்கியது மீண்டும் தோன்றும் என்பதும் அதன் பாடம். நாம் செய்கிற சின்ன மாற்றங்களிலும் திரும்புகிற வழியை அடைக்காமல் இருப்பது நல்லது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குச் சித்தாந்தம் பிடிபட்டதோ இல்லையோ, துளை போடாவிட்டால் செலவு குறையும் என்பது பிடிபட்டது.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். தொங்குகிற ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு இருக்கவேண்டும்: இதன் பெயர் என்ன, யார் கையில் இருந்தது, எதற்கு உதவியது. எழுதித் தருவது என் பொறுப்பு. காபி குடிக்க வருகிற பிள்ளைகளின் தாத்தாக்களில் பாதிப்பேர் மில்லில் வேலை பார்த்தவர்கள். தாத்தா கையில் இருந்தது எது என்று பேத்திக்குச் சொல்வதற்கு ஒரு ஆயில் கேன் பயன்பட்டால் அது மறுபடி ஒரு கைக்கும் ஒரு தேவைக்கும் நடுவே நிற்கிறது. சீட்டு இல்லாமல் தொங்கினால் அது வெறும் தோரணம்.

கடை திறந்த வருஷமே ஆயுத பூசை வந்தது. காபி மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்தான். "மாமா, இதுக்கெல்லாம் பொட்டு வைக்கணுமா? இதுக்குத்தான் வேலையே இல்லையே" என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "சாமி கும்பிட வேலை பாக்கணும்னு இருக்காங்க மாமா?" என்று மறுகேள்வி போட்டாள். இருவர் கேள்விகளும் நியாயமானவை. வேலை போன கருவிக்குப் பூசை உண்டா?

இதற்குப் பதில் தேடும்போது எனக்கு நினைவுக்கு வந்தது மணிமேகலை. பௌத்தக் காப்பியம் சைவனுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அருணந்தி சிவம் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பௌத்தர்களை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் மறுப்பதற்கும் முதலில் படிக்கத்தானே வேண்டும். அதில் வருகிற அமுதசுரபியைப்போல் ஒரு கருவி வேறெங்கும் இல்லை. மதுரையில் ஆபுத்திரன் கையில் சிந்தாதேவி கொடுத்த பாத்திரம். எடுக்க எடுக்கக் குறையாது. கண் இல்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், யாருமற்றவர் என்று எல்லோருக்கும் அதிலிருந்து சோறு போடுகிறான். இந்திரன் வரம் கொடுக்க வருகிறான். ஆபுத்திரன் அவனை மதிக்கவில்லை. கோபம் கொண்ட இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. மழையைப் பெய்ய வைக்கிறான். பாண்டிய நாடு செழிக்கிறது. பசிக்கிறவர் இல்லை, பாத்திரத்தை நீட்டினால் வாங்க ஆளில்லை.

இந்திரனின் சூழ்ச்சியை ஒரு ஃபிட்டர் ரசிக்காமல் இருக்க முடியாது. கருவியைச் செயலிழக்கச் செய்ய அதைத் தொடவே தேவையில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுமுனையில் இருக்கும் தேவையை எடுத்துவிட்டால் போதும். கோவையில் எத்தனையோ நல்ல கருவிகள் இப்படித்தான் ஓய்ந்தன. விட்வொர்த் ஸ்பேனர் முறியவில்லை. போல்ட்டுகள் மெட்ரிக் ஆயின. ரயில் கேன் ஒழுகவில்லை; நீராவி நின்றது. ஊர் நன்றாக இருப்பதால் ஓய்ந்த கருவியைப் பார்த்து அழவேண்டியதில்லை என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. மழை பெய்தது நல்லதுதானே.

ஆபுத்திரன் பசித்தவரைத் தேடி அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. மனிதர் இல்லாத தீவில் குறையாத பாத்திரத்தோடு நிற்கிறான். அதைத் தனக்கென்று மட்டும் வைத்து உண்டு பிழைத்திருக்கலாம். செய்யவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேலே வா, உயிர்களைக் காக்கிற அருள் உள்ளவர் வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர்விடுகிறான். பின்னால் அது மணிமேகலை கைக்கு வருகிறது. ஆதிரை என்பவள் அதில் முதல் பிச்சை இடுகிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. சிறையின் சுவரை யாரும் இடித்ததாகக் கதையில் இல்லை. அந்தச் சுவர் யாருக்கும் யாருக்கும் நடுவே நின்றதோ அந்த இருவர் மாறினார்கள். பழையதைப் புதியதற்கு ஆக்குவதில் இதைவிடப் பெரிய வேலை எந்தப் பட்டறையிலும் நடந்ததில்லை.

வேலை போன பாத்திரத்தை ஆபுத்திரன் வணங்கவும் இல்லை, வீசவும் இல்லை. அடுத்த கைக்கு வழி வைத்துவிட்டுப் போனான்.

அக்கா மகனின் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். சித்தாந்தத்தில் ஒரு கணக்கு உண்டு. டூல் ரூம் ஸ்டோர் ரிஜிஸ்டர்போல் துல்லியமானது. உயிர் விழித்திருக்கும்போது 35 கருவிகள் அதனோடு வேலை செய்கின்றன. கனவில் 25. ஆழ்ந்த உறக்கத்தில் 3. கண், காது, மனம், புத்தி என்று ஒவ்வொன்றாக உயிர் கீழே வைத்துவிட்டுப் போகிறது, விடிந்ததும் எடுத்துக்கொள்கிறது. இவை எல்லாம் உயிருக்கு இரவலாக வந்தவை, ஆணவ இருளில் கிடக்கிற உயிர் கொஞ்சமாவது அறியட்டும் என்று மாயையிலிருந்து எடுத்து இறைவன் கொடுத்தவை என்பது கொள்கை. கருவி கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவும் நானும் வேறு என்பது தோன்றாது. கீழே வைத்தால்தான் தோன்றும். லேத்தில் நாள் முழுக்க நின்றவனுக்கு இது தெரியும்: ஓடும்போது லேத் என்று தனியாக ஒன்று இல்லை, நிறுத்திய பிறகுதான் அங்கே ஓர் இயந்திரம் நிற்கிறது.

ஆயுத பூசை அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். பூசையில் வைத்ததைத் தொடக் கூடாது. அன்றைக்கு உலகத்தில் வேலை பார்க்கிற கருவி என்று ஒன்றும் இல்லை. ஓடுகிற லேத்தும், வெர்னியரும், காபி மெஷினும், சுவரில் தொங்குகிற ரயில் கேனும் அந்த ஒரு நாள் ஒரே வரிசையில் சும்மா இருக்கின்றன. ஆகவே வேலை இல்லாதது என்று சொல்லி எதையும் ஒதுக்க அன்று வழியே இல்லை. நவராத்திரி முழுவதும் தேவிக்குரியது. வகுப்புப் பாடத்தில் சக்கரத்தின் இடத்தில் சத்தியை வைத்திருந்தார்கள் அல்லவா? சத்தி சிவத்தை விட்டுப் பிரிவதில்லை, சக்கரம் குயவனை விட்டுத் தனியே நிற்கும். உவமையை அந்தப் பக்கம் இழுக்காதீர்கள் என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆண்டில் மற்ற நாளெல்லாம் குயவனையும் மண்ணையும் குடத்தையுமே பார்க்கிற நமக்கு, நடுவில் நிற்பதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கி, அதை அவளுடைய திருவிழாவில் வைத்தவர்களுக்கு இந்தப் பாடம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

"எல்லாத்துக்கும் வை" என்றேன். அவன் மனைவி ஏற்கெனவே ஸ்டூல் போட்டு ஏறி, கேன்களுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

சுத்தாத சக்கரம் சக்கரமா மரமா என்ற கேள்விக்கு ஆசிரியரிடம் என் பதிலை இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நவமி அன்று அதற்கு விடை வேண்டியதில்லை. சுத்தாத சக்கரத்துக்கும் பூசை உண்டு, ஏனென்றால் துணையாக நிற்கும் திறம் அதற்குள் இருக்கிறது. விடை வேண்டியது மறுநாள். விஜயதசமி அன்று பூசையிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்துச் சிறிதாவது வேலை செய்யவேண்டும் என்பது வழக்கம். அன்று ஒரு கையும் ஒரு தேவையும் அதற்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. கிடைத்தால் சக்கரம். கிடைக்காவிட்டால் அது மரமாகிவிடவில்லை. அது மணிபல்லவத்தில் இருக்கிறது.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். தசமி அன்று என் பெட்டியில் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். என் கையால் இனி வேலை செய்யப்போகிறது என்றால் எண்ணெய் தடவித் திரும்ப வைப்பேன். இல்லையென்றால், இன்னது இன்ன வேலைக்கு என்று சீட்டு எழுதிக் கட்டி, வேலை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவனுக்கு மைக்ரோமீட்டர் போனது. விட்வொர்த் ஸ்பேனர் செட், பழைய இங்கிலாந்து இயந்திரம் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சின்ன மில்காரர் ஒருவருக்குப் போனது; அவர் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாராம். வேலைக்காலம் முடிந்த என்னைப் போன்றவர்கள் பூசை அறையில் உட்கார்ந்து நவமியை நீட்டிக்கொண்டே போக ஆசைப்படுவோம். 35 கருவிகளும் இரவல் என்றால், விழித்திருக்கிற மட்டும் அவற்றை யாருக்காவது நடுவே நிறுத்துவதுதான் கொடுத்தவருக்குச் செய்கிற மரியாதை. பாய் கூப்பிடும்போது நான் போவது அதனால்தான்.